நீடித்த நோயைத் தடுக்க வீடும் ஊரும் அரசும்

(மேனாம்பேட்டில் கணவன் மனைவியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. சுற்றுவட்டாரக் கிராமத் தம்பதியரும் படித்துப் பயன்பெறக் குடும்ப நல வெளியீடாகத் தரப்படுகிறது.)

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும், "எத்தனை பிள்ளை, எப்போ ஆபரேஷன்னுதானே கேட்கப் போறாங்க" என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அந்தப் பேச்சும் அவசியமானதுதான். ஆனால் அளவோடு பெற்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கத் தாயும் தகப்பனும் உயிரோடும் தெம்போடும் இருக்க வேண்டாமா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான்.

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட மூச்சுத் திணறல் ஆகியவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. வந்தால் எளிதில் விட்டுப் போவதும் இல்லை. ஆகையால் இவற்றைத் தொற்றா நோய்கள் என்றும், நீடித்த நோய்கள் என்றும் சொல்கிறோம். இவற்றைத் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். ஆனால் டாக்டர் ஒருவரால் முடியாது. நோயாளி ஒருவராலும் முடியாது. அரசாங்கம் மட்டும் முயன்றாலும் முடியாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். யார் யார் எந்த வடத்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஊர் மாறியது, உடம்பும் மாறியது

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இந்த அம்பத்தூர்ப் பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1997ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2011ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018ல் இந்தப் பகுதி சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. பெயர்ப் பலகை மாறியபோதெல்லாம் நம் பிழைப்பும் மாறியது.

ஏர் ஓட்டியவர் பிள்ளை இன்று மிஷின் ஓட்டுகிறார். அவர் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அறுப்பு அறுத்து, குடம் தூக்கி, அம்மி அரைத்த உடம்பு இன்று பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறது. வேலை மாறியது, ஆனால் தட்டில் விழும் சோறு குறையவில்லை. அதோடு டீக்கு டீ இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சாயங்காலம் பஜ்ஜி, பிள்ளைக்குப் பாக்கெட் தீனி, இராத்திரி ஷிப்டு என்று கூடிக்கொண்டே போகிறது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அப்பால் உள்ள கிராமங்களிலும் இதே கதைதான். வயலில் டிராக்டர் ஓடுகிறது, பெட்டிக்கடையில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன.

சத்தம் போடாத வியாதி

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். வயிற்றுப்போக்கு வந்தால் படுக்க வைத்துவிடும். இரத்தக் கொதிப்போ ஆண்டுக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இருக்கும். "எனக்கு இன்னா வியாதி, கல்லு மாதிரி கீறேன்" என்று சொல்கிற ஆளுக்குத்தான் ஒரு நாள் வாய் கோணிக் கை விழுந்துவிடுகிறது. சர்க்கரையும் அப்படித்தான். கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரித்த பிறகுதான் பலர் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

2020ல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு இரத்தக் கொதிப்பும், நூற்றுக்கு 17, 18 பேருக்குச் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. அதைவிடக் கவலை தருவது அடுத்த கணக்கு. கொதிப்பு உள்ள நூறு பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஏழு பேர். சர்க்கரை உள்ள நூறு பேரில் பதினோரு பேர். மற்றவர்களில் சிலருக்கு வியாதி இருப்பதே தெரியாது. சிலர் மாத்திரையைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள். சிலர் சாப்பிட்டும் அளவு பார்க்காதவர்கள்.

பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறவர், வயது நாற்பத்தாறு. ஒரு முகாமில் கொதிப்பு என்று கண்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். அளவு சரியாக இருந்தது. "சரியாப் போச்சு, இனிமே எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு விடியற்காலை பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் ஸ்டீரிங் பிடிக்கும் கை போய்விட்டது. கறவை மாடு போயிற்று, நகை அடகுக்குப் போயிற்று. பிளஸ் டூ முடித்த பெண் கல்லூரிக்குப் போகாமல் கம்பெனி வேலைக்குப் போனாள்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மாள் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 300க்கு மேல். "உங்களுக்கு எப்போதிருந்து இருக்கும்மா?" என்று கேட்டேன். "எனக்கு யாரு பார்த்தாங்க ஐயா? அவருக்கே ஓடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பார்க்கிறவளை யாரும் பார்ப்பதில்லை.

யார் மேல் குற்றம்?

மாத்திரையை நிறுத்தியது அவர் தப்பு என்று சொல்லி முடித்துவிடலாமா? அவர் ஊரில் இருக்கிற நேரத்தில் சுகாதார நிலையம் மூடியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்துக் கடையில் உப்பும் எண்ணெயும் மிஞ்சிய சாப்பாடுதான் கிடைத்தது. முதலாளி லோடு சேர்ந்ததா என்று கேட்டாரே தவிர, பி.பி. பார்த்தாயா என்று கேட்கவில்லை. மாத்திரை என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மனிதர் விழுந்தால் அதில் பல பேர் கைநழுவல் இருக்கிறது. ஆகவே அவரைத் தாங்கிப் பிடிக்கவும் பல பேர் கை வேண்டும்.

உலக நாடுகளும் இதைத்தான் ஒப்புக்கொண்டன. 2011 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீடித்த நோய்களைப் பற்றிப் பேசவென்றே கூடியது. சுகாதார இலாகா தனியாக இதைச் சமாளிக்க முடியாது, அரசாங்கத்தின் எல்லா இலாகாக்களும் சமுதாயம் முழுவதும் சேர வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள்.

ஆவடியில் கற்ற பாடம்

இப்படிச் சேர்ந்து உழைப்பது நமக்குப் புதிதா? இல்லை. தொழுநோயை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஊரை விட்டுத் தள்ளிவைத்த நோய் அது. ஊழியர்கள் வீடு வீடாக வந்து தேமல் இருக்கிறதா என்று பார்த்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆவடியில் அதற்கென ஆய்வுப் பிரிவே இருந்தது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளின் தேமலைக் கவனித்துச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் ஒளித்து வைக்காதே என்றார்கள். ஊழியர் மாதாமாதம் மாத்திரை விழுங்கியாயிற்றா என்று பார்த்தார். 2005 முடிவில் தொழுநோய் பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நிலையை நம் நாடு எட்டியது. இன்னமும் சிலருக்கு வரத்தான் செய்கிறது, ஆனால் பழைய பயங்கரம் இல்லை.

அந்த ஆவடிப் பிரிவும் சென்னையிலிருந்த ஒரு புள்ளிவிவர ஆய்வு நிலையமும் சேர்ந்துதான் 1999ல் தேசிய நோய்ப் பரவியல் நிறுவனம் ஆயிற்று. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அயப்பாக்கத்தில் இருக்கிறது. 2017ல் தொடங்கிய இந்திய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சியில் அந்த நிறுவனத்துக்கு முக்கிய பங்கு உண்டு. அதில் சொன்ன வழி எளிமையானது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மருந்து முறை, மருந்து தீராமல் கையிருப்பு, டாக்டரோடு நர்ஸும் சேர்ந்து கவனிப்பது, வீட்டுக்குப் பக்கத்திலேயே மாத்திரை வாங்க வசதி, வராதவர் யார் என்று தெரியக் கணக்கு. தொழுநோய்க்குச் செய்தது போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தொழுநோய் மாத்திரைக்கு முடிவு நாள் இருந்தது. கொதிப்பு மாத்திரை பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும் வேண்டும். ஆகையால் இந்தத் தேர் ஒரு நாள் திருவிழாவோடு நிலைக்குத் திரும்புகிற தேர் அல்ல. தினமும் இழுக்க வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவம்

2012 முதல் தமிழ்நாடெங்கும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கொதிப்பு, சர்க்கரை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றைப் பார்க்கத் தனி நர்ஸ்களை அமர்த்தினார்கள். வந்தவர்களுக்குப் பார்த்தார்கள். வராதவர்களை என்ன செய்வது? கூலியை விட்டு வர முடியாதவர், பஸ் ஏற முடியாத கிழவி, "எனக்கு ஒண்ணுமில்லே" என்கிற நம் லாரிக்காரர், இவர்களெல்லாம் விட்டுப்போனார்கள்.

அதனால்தான் 2021 ஆகஸ்டு 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இதில் வீட்டுக்கு வருகிறவர் யார் என்று கவனித்தீர்களா? அநேகமாக உங்கள் தெருவிலேயே மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிற ஒரு அக்காள். அந்தக் குழுக்கள் 1989ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மூலம் சிறுசேமிப்புக்கும் கடனுக்கும் என்று தொடங்கியவை. பணம் சேர்க்கப் பழகிய அந்தப் பெண்களுக்குச் சுகாதார இலாகா பி.பி. கருவியும் சர்க்கரைக் கருவியும் கொடுத்துப் பயிற்சி தந்தது. ஒரு இலாகா வளர்த்த கையை இன்னொரு இலாகா பிடித்துக்கொண்டது. நான் சொல்லும் கூட்டுறவு என்பது இதுதான். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை, படுக்கையில் இருப்பவருக்கு நோவு தணிக்கும் நர்ஸ், பக்கவாதக்காரருக்குக் கைகால் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் என்று திட்டத்தை அமைத்தார்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இதற்கு விருது கொடுத்தது. அதே ஆண்டில் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டமும் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட் ஜனங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் வாசல் வரைக்கும்தான் அரசாங்கம் வர முடியும். உள்ளே வரச் சொல்லிக் கையை நீட்ட வேண்டியது நீங்கள்தான். "இப்போ நேரமில்லே, அப்புறம் வா" என்று அந்த அக்காளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் உங்கள் வியாதி வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ரகசியம் காப்பது அவர் கடமை.

பிறக்கும் முன்னே தடுப்பது

இளம் தம்பதிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறும். கவனிக்காவிட்டால் பிள்ளை மிகப் பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும். பிறந்த குழந்தைக்கும் ஆபத்து. அதோடு முடிவதில்லை. அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்கும் வளர்ந்த பின் வரும் வாய்ப்பு அதிகம். தாயிடம் தடுத்தால் இரண்டு தலைமுறையைக் காப்பாற்றினோம்.

சென்னை டாக்டர் வீ. சேஷையா இதை ஓயாமல் எடுத்துச் சொன்னவர். தமிழ்நாடு அரசு 2007ல் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்ய உத்தரவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் உணவிலும் நடையிலும் கவனம், தேவைப்பட்டால் மருந்து. இந்த இரண்டு மணி நேரம் பல பெண்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். "வீட்டிலே திட்டுவாங்க" என்று சிலர் எழுந்தே போய்விடுகிறார்கள். கணவன்மார்களே, அன்று ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வாருங்கள்.

அப்படிச் சர்க்கரை வந்த தாய்க்குக் குழந்தை பிறந்த ஆறாவது வாரம் மறுபடியும் சோதனை செய்ய வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு நல்லது என்பது தெரியும். தாய்க்கும் சர்க்கரை வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதும் அந்த உடம்பு தேறத்தான். பார்த்தீர்களா, குடும்ப நலமும் நீடித்த நோய்த் தடுப்பும் ஒரே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மனு கொடுத்த ஜனங்கள்

தூரதேசத்துக் கதை ஒன்று சொல்கிறேன். வடக்கே பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்று ஒரு மாகாணம். மாடு வளர்ப்பும் மரம் வெட்டுவதும் தொழில். வெண்ணெய், கொழுப்புப் பால், உப்பு, புகை எல்லாம் மிகுதி. நடுவயது ஆண்கள் மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1971ல் அந்த ஜனங்களே ஒன்று சேர்ந்து, "எங்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள்" என்று அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1972ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் வேலை தொடங்கிற்று.

அவர் ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. மகளிர் சங்கத்தாரிடம் போனார். அவர்கள் ஊர் ஊராகக் கூடிக் கொழுப்பும் உப்பும் குறைத்த சமையலைச் செய்து காட்டினார்கள். பால் பண்ணையும் இறைச்சிப் பண்டம் செய்கிற கம்பெனியும் கொழுப்பையும் உப்பையும் குறைத்தன. பால் வியாபாரம் குறைந்த குடியானவர் பழச் செடி பயிரிட உதவி கிடைத்தது. பள்ளிக்கூடம், பத்திரிகை, கடை எல்லாம் சேர்ந்துகொண்டன. முப்பத்தைந்து ஆண்டில் உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்புச் சாவு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. குடியானவன் பிழைப்பையும் கெடுக்காமல் ஊர் ஆரோக்கியத்தையும் காத்தார்களே, அதைக் கவனியுங்கள்.

"அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஒத்துவருமா?" என்று கேட்கலாம். சென்னையிலேயே டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்து பார்த்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் போலக் கவனித்தார்கள். வழக்கம்போல விட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடை, உணவுக் கட்டுப்பாடு சொல்லித் தொடர்ந்து கவனித்த பிரிவில் நூற்றுக்கு 39 பேர்தான். சோறும் இட்லியும் சாப்பிடுகிற நம் உடம்பில் கண்ட பலன் இது.

எந்த வடத்தை யார் பிடிப்பது?

முதல் வடம் வீடு. புருஷனுக்குத் தனிச் சமையல், மற்றவர்க்குத் தனிச் சமையல் என்று வைத்தால் அது நாலு நாளைக்கு ஓடாது. எல்லோருக்கும் ஒரே நல்ல சமையலாக இருக்கட்டும். உப்புக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்ந்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாளில் தீருகிறது என்று இந்த மாதம் எழுதிப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மிஞ்ச வேண்டாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் காயையும் பயறையும் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாளாவது அரைமணி நேரம் வேகமாக நடங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் வீட்டுக் கணக்கையும் பேசிக்கொள்ளலாம். பீடி, சிகரெட், புகையிலை, சாராயம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வடம் கடையும் தெருவும். காய்ந்த எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்சிப் பொரிப்பது இதயத்துக்குக் கெடுதி. டிரான்ஸ் கொழுப்பு எனும் கெட்ட கொழுப்பின் அளவு எண்ணெய், கொழுப்புகளில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. கம்பெனிக்கு விதி போட்டாயிற்று. டீக்கடை அண்ணாச்சிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். "அண்ணே, சர்க்கரை பாதி போடுங்க" என்று பத்துப் பேர் கேட்டால் பதினோராவது டீயை அவரே பாதிச் சர்க்கரையோடு போடுவார். 2003ம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பண்டம் விற்கலாகாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை கடுமையாயிற்று. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது பெற்றோர் சங்கமும் ஆசிரியரும் ஊராரும்தான்.

மூன்றாவது வடம் வேலை கொடுப்பவர்கள். பட்டறையானாலும் செங்கல் சூளையானாலும் வருஷத்தில் ஒரு நாள் பரிசோதனைக்கு விடுங்கள். கூலியைப் பிடிக்காதீர்கள். பத்து வருஷம் பழகிய கைக்காரர் பக்கவாதத்தில் விழுந்தால் நஷ்டம் உங்களுக்கும்தான். கேண்டீனில் வடைக்குப் பக்கத்தில் சுண்டலும் வையுங்கள்.

நாலாவது வடம் அரசு இலாகாக்கள். நடக்கச் சொன்னால் போதுமா, நடக்க இடம் வேண்டாமா? விளக்கில்லாத தெருவில் பெண்பிள்ளை எப்படி நடப்பாள்? தெருவிளக்கும் நடைபாதையும் உள்ளாட்சியின் வேலை. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவது கல்வி இலாகாவின் வேலை. கலப்படத்தையும் தடைசெய்த குட்காவையும் பிடிப்பது உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் போலீசும் செய்ய வேண்டியது. மருந்து தீராமல் பார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் தவறினால் எங்களையும் கேளுங்கள். கிராமசபை எதற்காக இருக்கிறது? தண்ணீருக்கும் ரோட்டுக்கும் எழுந்து பேசுகிற மாதிரி, "எங்க சுகாதார நிலையத்திலே கொதிப்பு மாத்திரை இருப்பு எவ்வளவு?" என்றும் எழுந்து கேளுங்கள். வட கரேலியா ஜனங்கள் ஒரு மனுவில்தான் தொடங்கினார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

பேச்சுக்கு நடுவே எழுந்த சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"மாத்திரையை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா விட முடியாதாமே, அதனால ஆரம்பிக்காமலே இருந்துட்டா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். மாத்திரை நம்மைப் பிடித்துக்கொள்வதில்லை, வியாதிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரை ஒழுகுகிற வீட்டில் ஓலை போட்டால் வருஷா வருஷம் போட வேண்டுமே என்று யாராவது நனைந்துகொண்டே இருப்பார்களா? அளவு சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லித்தான்.

"எங்க மாமியாருக்குச் சர்க்கரை, எனக்கும் வருமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். மாமியார் இரத்தம் உனக்கு இல்லை, ஆனால் உன் புருஷனுக்கு உண்டு. ஆகவே அவர் முப்பது வயதிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். மாமியார் வீட்டுச் சமையல் உனக்கும் உண்டு. ஆகவே நீயும் சோதித்துக்கொள்.

"பக்கவாதம் வந்தா எண்ணெய் தேய்ச்சா சரியாகுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அந்த நிமிஷமே 108க்குப் போன் செய்ய வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் உண்டு. எண்ணெய் தேய்த்துப் போக்கிய நேரம் திரும்பி வராது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரே பெஞ்சில் இருவரும்

முடிவாக ஒரு வேண்டுகோள். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். பெண்கள் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் நர்ஸ் சொல்லும் காலத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டாம், பார்ப்பது பெண் ஊழியர்தான். இவற்றுக்குத் தனித்தனியே போகாதீர்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் போய் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் கல்யாண நாளையே அதற்கு வைத்துக்கொண்டால் தேதி மறக்காது. முதலில் மனைவிக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இருவர் அளவையும் ஒரே அட்டையில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.

நான் சொன்ன அந்த அம்மாளின் கால் புண் ஆறிவிட்டது. தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். கணவர் இப்போது கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். தெருவில் யார் பி.பி. பார்க்க வந்தாலும் அந்த அம்மாள்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வருகிறார். "எங்களுக்குப் பட்டது போதும், நீங்களாவது கையை நீட்டுங்க" என்கிறார். ஒரு வருஷம் முன்னால் அந்த வீட்டுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்று கல்லூரியில் இருந்திருப்பாள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவது நம் பெரியோர் காட்டிய வழி. ஏரிக்கரை உடைந்தால் இன்னார் வீட்டு வயல் என்று பார்க்காமல் ஊரே மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. உடம்பும் ஒரு ஏரிக்கரைதான். விரிசல் சிறிதாக இருக்கும்போதே வீடும் ஊரும் அரசும் சேர்ந்து அடைப்போம்.